மக்கள் ஓட்டுப் போடுவார்களா? சிறுபான்மைப் பெண் ஒருவர் நாட்டின் தலைவராவது பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் நடந்தபோது சென்னையில் அது பாதி உள்ளூர்த் தேர்தலாகவே பேசப்பட்டது. கமலா ஹாரிசின் தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் பூர்விக ஊர் மன்னார்குடிக்கு அருகில் உள்ள துளசேந்திரபுரம். ஓய்வுபெற்ற பிறகு அவர் வாழ்ந்தது பெசன்ட் நகரில். சிறுமியாக இருந்தபோது அந்தக் கடற்கரையில் தாத்தாவோடு நடந்ததைக் கமலாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நின்றது: ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு, அதுவும் இந்திய வம்சாவளிப் பெண்ணுக்கு, அமெரிக்கர்கள் ஓட்டுப் போடுவார்களா? முடிவு வெளியானதும் விடையும் உடனே கிடைத்துவிட்டது. போடமாட்டார்கள் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே என்றார்கள்.

அந்த விடை அவசரப்பட்டது என்பது என் கருத்து. அந்தக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் நம் ஊர் அரசியலும் சற்றுத் தெளிவாகத் தெரியும். அரசியல் அறிவியல் படிக்காதவர்களையும், புதிதாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இந்தியச் சட்டப்படி சிறுபான்மையினர் என்றால் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகிய ஆறு சமயத்தவர். தேர்தல் பேச்சில் அந்தப் பொருள் போதாது. தலித்துகள், பழங்குடியினர், மொழியாலோ இனத்தாலோ எண்ணிக்கையில் குறைந்தவர்கள், பதவிகளிலிருந்து நீண்ட காலம் விலக்கி வைக்கப்பட்டவர்கள் ஆகிய அனைவரையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஒரு நாட்டின் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கலாம். இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை போதும். சென்னை மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022இல் நாம் வார்டு கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட்டோம். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் முறையில் மேயர் வேட்பாளரின் பெயரும் சின்னமும் நம் கண்முன் இருந்தன. அவர் ஆணா பெண்ணா, என்ன சாதி, என்ன சமயம் என்று நமக்குள் இருக்கும் விருப்பு வெறுப்பு எல்லாம் அந்தப் பொத்தானில் வந்து இறங்கும். இரண்டாம் முறையில் அந்தத் தேர்வைக் கட்சி செய்கிறது. நம் பங்கு அதற்கு ஒரு படி முன்பே முடிந்துவிடுகிறது.

மெக்சிகோவும் இலங்கையும் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றன. அமெரிக்காவில் மக்கள் வேட்பாளரைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள். ஆனால் கணக்கு மாநிலவாரியாக, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்கள் வழியாகப் போகிறது. இந்தியாவும் பிரிட்டனும் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றுகின்றன. தென்சென்னையில் வாக்களிப்பவர் தென்சென்னையின் எம்.பி.யைத்தான் தேர்ந்தெடுக்கிறார்; பிரதமரின் பெயர் அந்த இயந்திரத்தில் எங்கும் இல்லை. சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு 2022இல் குடியரசுத் தலைவரானது பெரிய செய்திதான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். வாக்காளர்களின் மனத்தை அளக்க அது உதவாது.

கேட்டால் உண்மையைச் சொல்வார்களா?

வாக்காளர்களின் மனத்தை அறிய நேரே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டிருக்கிறார்கள். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1937இல், மற்ற தகுதிகள் எல்லாம் உள்ள ஒரு பெண் அதிபர் தேர்தலில் நின்றால் வாக்களிப்பீர்களா என்று அமெரிக்கர்களிடம் கேட்டது. ஆம் என்றவர்கள் 33 சதவீதம். 2020இல் அதே வகைக் கேள்விக்கு 93 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். கறுப்பின வேட்பாளருக்கு வாக்களிப்போம் என்றவர்கள் 96 சதவீதம். முஸ்லிம் வேட்பாளர் என்றதும் அது 66 சதவீதமாக இறங்கியது. இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. யாரும் தன்னைக் குறுகிய மனம் படைத்தவன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை.

இதைத் தாண்ட ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. சென்னையில் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். முதல் குழுவிடம் நான்கு விஷயங்கள் உள்ள பட்டியலைக் கொடுக்கிறோம்: பெட்ரோல் விலை ஏறுவது, தெருவில் மழைநீர் தேங்குவது, ஹெல்மெட் கட்டாயம் என்பது, ஆட்டோக் கட்டணம் உயர்வது. இவற்றில் எத்தனை உங்களுக்குக் கோபமூட்டுகின்றன, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், எவை என்று சொல்ல வேண்டாம் என்கிறோம். இரண்டாம் குழுவுக்கும் அதே பட்டியல்தான். ஐந்தாவதாக, ‘ஒரு பெண் நாட்டை ஆள்வது’ என்று சேர்த்துவிடுகிறோம். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாவதின் சராசரி 2.3 என்று வந்தால், அந்த 0.2 வித்தியாசம் ஐந்தாவது விஷயத்தால் வந்தது. அதாவது நூற்றுக்கு இருபது பேருக்கு அது கோபமூட்டுகிறது. யார் அந்த இருபது பேர் என்பது யாருக்கும் தெரியாது. அதனாலேயே அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். என் எண்கள் கற்பனை. அமெரிக்காவில் 2006இல் உண்மையாகவே இப்படிச் செய்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பெண் அதிபர் என்ற எண்ணமே கோபமூட்டுகிறது என்றவர்கள் ஏறக்குறைய 26 சதவீதம். நேரடிக் கேள்வியில் தெரிந்ததைவிட மிக அதிகம்.

ஆகவே முன்தீர்ப்பு இருக்கிறது, மறைந்தும் இருக்கிறது. ஆனால் கோபம் வேறு, ஓட்டு வேறு. அந்த 26 சதவீதத்தில் பலர் எப்படியும் எதிர்க்கட்சிக்கே வாக்களிப்பவர்களாக இருக்கலாம். இன்னும் சிலர் முகம் சுளித்தபடியே தன் கட்சியின் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். சின்னத்தின் மீதுள்ள பற்று வேட்பாளரின் மீதுள்ள வெறுப்பை விழுங்கிவிடும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு வகைச் சோதனையும் உண்டு. வயது, தொழில், அனுபவம், பாலினம் எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டுக் கற்பனை வேட்பாளர்களை உருவாக்கி, இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்பார்கள். பல நாடுகளில் நடந்த இத்தகைய 67 சோதனைகளைத் தொகுத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால் பெண் வேட்பாளருக்குச் சராசரியாக 2 சதவீதப் புள்ளி கூடுதல் ஆதரவு கிடைத்திருந்தது. கற்பனை வேட்பாளருக்குக் கற்பனை ஓட்டுத்தான். நாட்டின் உச்சப் பதவிக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சராசரி வாக்காளர் பெண் என்றாலே ஒதுக்கிவிடுவார் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். 2019இல் அமெரிக்காவில் இப்சோஸ் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. பெண் ஒருவர் அதிபராவது உங்களுக்குச் சம்மதமா என்று ஜனநாயகக் கட்சியினரிடமும் கட்சி சாராதவர்களிடமும் கேட்டார்கள். 74 சதவீதத்தினர் சம்மதம் என்றார்கள். அடுத்து, உங்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சம்மதமாக இருக்குமா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 33 சதவீதம் மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். தனக்கு ஆட்சேபணை இல்லை. பிறருக்கு இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அடுத்த படிதான் ஆபத்தானது. ‘எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கும். ஆனால் அவர் ஜெயிக்கமாட்டார். ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்?’ என்று அந்த 74 பேரில் பலர் வேறொருவரை நோக்கித் திரும்புகிறார்கள். அவர் தோற்றுப்போகிறார். உடனே, ‘பார்த்தீர்களா, மக்கள் தயாராக இல்லை’ என்கிறோம். மனத்தில் வெறுப்பே இல்லாதவர்கள் கூடி, வெறுப்பு செய்யும் வேலையைச் செய்து முடித்துவிடுகிறார்கள். இதை வியூகப் பாகுபாடு என்று ஆய்வாளர் ரெஜினா பேட்சன் 2020இல் விளக்கினார். நம் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதும் ‘வெற்றி வாய்ப்பு’ என்ற சொல்லுக்குள் இது முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

சாதாரண வாக்காளர் இப்படி நினைத்தால் ஒரு ஓட்டு போகும். கட்சித் தலைமை இப்படி நினைத்தால் வேட்பாளரே இல்லாமல் போய்விடுவார். தமிழ்நாட்டில் சீட் கிடைக்கும் வழியை நினைத்துப் பாருங்கள். விருப்ப மனு கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு தலைமை அலுவலகத்தில் நேர்காணல். தொகுதியில் உங்கள் சமூகத்தின் ஓட்டு எவ்வளவு, எவ்வளவு செலவு செய்ய முடியும், மாவட்டச் செயலாளர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்பவைதான் அங்கே எடைபோடப்படுகின்றன. இந்த மூன்றிலும் சிறுபான்மைப் பெண் பின்தங்கியே தொடங்குகிறார். அவருடைய சமூகம் எண்ணிக்கையில் குறைவு. சொத்து பெரும்பாலும் அவர் பெயரில் இருக்காது. மாவட்டக் கட்சி ஆண்களின் கையில் இருக்கிறது. வாக்காளர் அவரை நிராகரிப்பதற்கு ஒரு வாய்ப்புக்கூட வருவதில்லை. பந்தியில் பரிமாறாத பதார்த்தத்தை ‘யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை’ என்று சொல்வது போன்றது இது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் பெண் வாக்காளர்களே ஆண்களைவிட அதிகம். 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். இதைப் பார்த்து, மக்கள் பெண்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அது தவறான வாசிப்பு. பெண்கள் எத்தனை தொகுதியில் நிறுத்தப்பட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் நின்ற 8,300க்கும் மேற்பட்ட வேட்பாளர்களில் பெண்கள் ஏறக்குறைய 800 பேர்; வென்றவர்கள் 74 பேர். நின்ற பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் வென்றார்கள். நின்ற ஆண்களில் ஆறு பேர். இதிலும் கவனம் வேண்டும். டெபாசிட் இழக்கும் சுயேச்சைகளில் ஆண்களே மிக அதிகம். அதனால் ஆண்களின் விகிதம் குறைவாகத் தெரிகிறது. பெண்கள் கூடுதலாக வெல்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நின்றால் தோற்பார்கள் என்ற பேச்சுக்கு இது இடம் தரவில்லை என்பது மட்டும் உறுதி.

ஜெயலலிதாவின் தொடக்க காலத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். பிராமணரல்லாதார் அரசியலில் பிறந்த ஒரு கட்சியில், எண்ணிக்கையில் மிகச் சிறிய பிராமண சமூகத்தில் பிறந்த பெண் அவர். (ஒடுக்கப்பட்ட சமூகம் அல்ல என்பதால் தலித் அல்லது முஸ்லிம் பெண்ணின் நிலையோடு இதை ஒப்பிடக் கூடாது.) 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரின் இறுதி ஊர்வல வண்டியிலிருந்து அவரைத் தள்ளி இறக்கியவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். ஓராண்டு கழித்து, 1989 தேர்தலில், உடைந்த கட்சியின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய அணி 27 இடங்களை வென்றது. 1991இல் அவர் முதலமைச்சர். கட்சிக்குள் இருந்தவர்களுக்கு அவர் பெண் என்பது எவ்வளவு உறுத்தியதோ, அதில் பாதிகூட வாக்குச்சாவடியில் உறுத்தவில்லை.

தெற்காசியாவில் பெண்கள் உச்சப் பதவிக்கு வந்த வரலாற்றிலும் இதே தடம் தெரிகிறது. இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். பிறகு இந்திரா காந்தி, பேநசீர் பூட்டோ, காலிதா ஜியா, ஷேக் ஹசீனா. இவர்கள் எல்லோருக்கும் கட்சியின் கதவைத் திறந்தது குடும்பம். தந்தையோ கணவரோ விட்டுச்சென்ற இடம் இருந்ததால், ‘ஜெயிப்பாரா’ என்று கேட்கும் மாவட்டச் செயலாளர்கள் வாயடைத்துப் போனார்கள். கதவு திறந்த பிறகு கோடிக்கணக்கான மக்கள் தயங்காமல் வாக்களித்தார்கள். சிறுபான்மைப் பெண்ணுக்கு அப்படிக் கதவைத் திறக்க ஆளும் குடும்பம் எதுவும் இல்லை. இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் அந்நாட்டின் தலைமைக்கு வருவதை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நெஞ்சில் தைக்கும்.

தேர்ந்தெடுத்த மக்களும் இருக்கிறார்கள்

இதற்கு மிகத் தெளிவான சான்று மெக்சிகோ. 2024 ஜூன் 2 அன்று அந்நாட்டு மக்கள் கிளாடியா ஷீன்பாமை நேரடித் தேர்தலில் ஏறக்குறைய 60 சதவீத வாக்குகளோடு அதிபராக்கினார்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதத்துக்கும் மிக மிகக் குறைவு. அவரை எதிர்த்த முக்கிய வேட்பாளர் ஸோசித்ல் கால்வெஸும் பெண்தான். அவருடைய தந்தை ஓட்டோமி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். இரண்டு பெரிய அணிகளும் இப்படிப்பட்ட வேட்பாளர்களையே நிறுத்தியபோது, ‘மக்கள் போடுவார்களா’ என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போயிற்று. இது தற்செயல் அல்ல. நாடாளுமன்றத் தேர்தலில் ஆண்களையும் பெண்களையும் சம எண்ணிக்கையில் கட்சிகள் நிறுத்த வேண்டும் என்று 2014இல் மெக்சிகோ தன் அரசமைப்பிலேயே எழுதியது. 2019இல் அதை அரசின் மற்ற பிரிவுகளுக்கும் விரித்தது. கதவைச் சட்டமே திறந்துவைத்தது.

தென் அமெரிக்காவின் கயானாவில், சிகாகோவில் யூதக் குடும்பத்தில் பிறந்த வெள்ளையினப் பெண்ணான ஜேனட் ஜேகன் 1997 தேர்தலில் வென்று அதிபரானார். இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நிறைந்த நாடு அது. அவரும் மறைந்த அதிபரின் மனைவிதான்; குடும்பக் கதவு அங்கேயும் வேலை செய்தது.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசம் போதுமான சான்று. பல நாடுகளைவிட அதிக மக்கள் வாழும் அந்த மாநிலத்தில் மாயாவதி 1995இல் முதலமைச்சரானார். இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். அப்போது பிற கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. 2007இல் 403 இடங்களில் 206ஐ வென்று தனிப் பெரும்பான்மையோடு வந்தார். தலித்துகளோடு பிராமணர்களையும் பிறரையும் சேர்த்து அவர் கட்டிய கூட்டு அது. அவருக்குச் சீட் கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. கன்ஷி ராம் தொடங்கி, இருவரும் சேர்ந்து வளர்த்த பகுஜன் சமாஜ் கட்சி அவருடைய கையிலேயே இருந்தது.

2004ஐயும் மறக்க முடியாது. இத்தாலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த சோனியா காந்தியின் பிறப்பே தேர்தல் பிரச்சாரத்தில் பெரிய ஆயுதமாக இருந்தது. அதை எல்லாம் கேட்ட பிறகும் வாக்காளர்கள் அவர் தலைமையிலான கூட்டணிக்கே அதிக இடங்களைத் தந்தார்கள். கடும் எதிர்ப்பு வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு தலைநகரில் எழுந்தது. பதவி வேண்டாம் என்று அவரே விலகினார். பிரதமரானவர் மன்மோகன் சிங், நாட்டின் மக்கள்தொகையில் இரண்டு சதவீதமும் இல்லாத சீக்கிய சமூகத்தவர். 2009இல் அவரையே பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்திக் காங்கிரஸ் முன்பைவிட அதிக இடங்களோடு திரும்பியது.

சிங்கப்பூர்ச் செய்தி தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். சீனரல்லாத பிரதமரை ஏற்க மூத்த தலைமுறை தயாராக இல்லை என்று 2019இல் அன்றைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் பேசினார். 2023இல், எந்த இனத்தவரும் போட்டியிடலாம் என்றிருந்த அதிபர் தேர்தலில், தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்னம் 70.4 சதவீத வாக்குகளைப் பெற்றார். அங்கே அதிபர் பதவி பிரதமர் பதவிக்கு இணையான அதிகாரம் கொண்டதல்ல, தர்மன் ஆணும்கூட. ஆனாலும் ‘தயாராக இல்லை’ என்று மேலிருந்து சொல்வதற்கும் கீழே மக்கள் செய்வதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் எண் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கமலா ஹாரிஸ்?

அவருக்கு 48.3 சதவீதம், டிரம்புக்கு 49.8 சதவீதம். ஏழரைக் கோடிப் பேர் அந்தப் பெண்ணுக்கு வாக்களித்தார்கள். 2016இல் ஹிலாரி கிளிண்டன் எதிராளியைவிட ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தேர்வாளர் கணக்கில் தோற்றார். 2008இல் ஒபாமா 52.9 சதவீதத்தோடு வென்றார். அமெரிக்கா பெண்ணுக்குப் போடாது, கறுப்பினத்தவருக்குப் போடாது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

2024இல் கமலாவுக்கு எதிராக வேறு காரணங்களும் இருந்தன. ஜூலை 21 அன்று பைடன் விலகிய பிறகே அவர் களத்துக்கு வந்தார். தேர்தலுக்கு 107 நாட்கள்தான் இருந்தன. விலைவாசி ஏறியிருந்தது. அந்த ஆண்டில் பிரிட்டனில் ஆளும் கட்சி வீழ்ந்தது, ஜப்பானில் பெரும்பான்மை இழந்தது, இந்தியாவில் பா.ஜ.க. 303இலிருந்து 240க்கு இறங்கியது, இலங்கையில் பதவியில் இருந்த ரணில் மூன்றாம் இடத்துக்குப் போனார். அந்தத் தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். பிரிட்டனின் ரிஷி சுனக் தவிர மற்றவர்கள் பெரும்பான்மைச் சமூகத்தினர்.

அதற்காகப் பாலினமும் நிறமும் பங்கே வகிக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 2.3 லட்சம் வாக்குகள். அந்த மூன்றும் கிடைத்திருந்தால் அவர் அதிபர். நாடு முழுவதும் பதிவானவை 15 கோடிக்கும் மேல். இழுபறியான போட்டியில் நூற்றுக்கு ஒருவரின் முன்தீர்ப்பே முடிவை மாற்றப் போதும். சிறிய பாகுபாடு பெரிய விளைவைத் தரும் இடம் இதுதான். ஆகவே ‘பாகுபாடு இருந்ததா’ என்பதற்கு ஆம் என்றும், ‘அதனால்தான் தோற்றாரா’ என்பதற்கு ஒரே ஒரு தேர்தலை வைத்துச் சொல்ல முடியாது என்றும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டும் சேரும்போது

பெண்ணாக இருப்பதன் தடையையும் சிறுபான்மையாக இருப்பதன் தடையையும் தனித்தனியாக அளந்து கூட்டிவிட்டால் விடை வந்துவிடாது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதை ஒரு வழக்கைக் கொண்டு விளக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது; அவர்கள் ஆண்கள். ஆகவே பாலினப் பாகுபாடும் இல்லை, நிறப் பாகுபாடும் இல்லை என்ற கணக்கில், இரண்டும் சேர்ந்த பெண்களின் குறை கணக்கிலேயே வராமல் போயிற்று. 1976இல் நீதிமன்றமும் அதைத் தனியாக ஏற்கவில்லை.

நம் வேட்பாளர் பட்டியல்களிலும் இது அப்படியே நடக்கிறது. பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்பார்கள்; பெரும்பாலோர் அந்தத் தொகுதியின் பெரிய சாதியைச் சேர்ந்தவர்கள். சிறுபான்மையினருக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள், எல்லோரும் ஆண்கள். பொதுத் தொகுதியில் தலித் பெண் ஒருவரைப் பெரிய கட்சி நிறுத்துவது அரிதிலும் அரிது.

கதவைத் திறந்தால் என்ன ஆகும்?

மும்பை மாநகராட்சியில் இதற்கு விடை கிடைத்தது. அங்கே பெண்களுக்கு ஒதுக்கப்படும் வார்டுகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அடுத்த தேர்தலில் அவை பொது வார்டுகளாயின. 1997இல் ஒதுக்கப்பட்டிருந்த வார்டுகளையும் ஒதுக்கப்படாத வார்டுகளையும் 2002இல் ஒப்பிட்டார் ஆய்வாளர் ரிக்கில் பாவ்னானி. ஒதுக்கீடு நீங்கிய பிறகும், முன்பு ஒதுக்கப்பட்டிருந்த வார்டுகளில் பெண் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. வாக்காளர்கள் அதே ஊர்க்காரர்கள்தான். மாறியவை இரண்டு: ஜெயிக்கத் தெரிந்த பெண்கள் அரசியலுக்குள் வந்துவிட்டார்கள்; பெண்ணை நிறுத்தினாலும் ஜெயிக்கலாம் என்று கட்சிகள் கண்ணால் பார்த்துவிட்டன. இந்த இரண்டாவது காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாற வேண்டியிருந்தது வாக்காளரைவிடச் சீட் கொடுப்பவரின் நம்பிக்கைதான்.

சென்னையில் கிறிஸ்தவப் பெண்ணான தாரா செரியன் 1950களிலேயே மேயராக இருந்தார். முதல் தலித் பெண் மேயரைப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடசென்னையின் பிரியா ராஜன் அப்பதவிக்கு வந்தது, அது பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகே. ஒதுக்கீடு இல்லாத காலத்தில் இந்த மாநகரில் தகுதியுள்ள தலித் பெண்கள் இல்லாமலா போனார்கள்?

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106ஆவது அரசமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அது நிறைவேறியபோது விதிக்கப்பட்டது. பட்டியல் இன, பழங்குடித் தொகுதிகளுக்குள்ளும் அந்தப் பங்கு உண்டு. சமயச் சிறுபான்மைப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை. முஸ்லிம் பெண்ணோ கிறிஸ்தவப் பெண்ணோ வேட்பாளராவது அப்போதும் கட்சிகள் கையில்தான் இருக்கும். 2006இல் ஒரு பெரிய கட்சி சென்னைத் திருவல்லிக்கேணியில் முஸ்லிம் பெண்ணான பதர் சயீதை நிறுத்தியது. அந்தத் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.